யாருங்க அந்த ரோஸி?

போன மாதம் ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு என் செல்போன் 'டிங்' என்றது. மறுபடி 'டிங்'. அப்புறம் தீபாராதனை மணி மாதிரி நிறுத்தாமல் அடிக்க ஆரம்பித்தது. அன்று எனக்குப் பிறந்தநாள் இல்லை. லாட்டரிச் சீட்டு வாங்கும் பழக்கமும் இல்லை. போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி எடுத்துப் பார்த்தால், இன்பாக்ஸில் 1,347 புது மெயில்!

ராத்திரி படுக்கும்போது நாலே நாலுதான் இருந்தன. அதில் இரண்டு, 'உங்களுக்குக் கடன் தயார்' ரகம்.

இந்த 1,347-லும் அனுப்பியவர் பெயர் கிட்டத்தட்ட ஒன்றேதான். மெயிலர் டீமன். விஷயமும் ஒன்றேதான். 'நீங்கள் அனுப்பிய மெயில் போய்ச் சேரவில்லை. அப்படி ஒரு விலாசம் இங்கே கிடையாது.'

நான் எங்கே அனுப்பினேன்? நான்தான் தூங்கிக் கொண்டிருந்தேனே!

பி.காம். படித்தவனுக்கு பவுன்ஸ் என்றால் செக்தான். செக் திரும்பினால் 138-வது பிரிவு, நோட்டீஸ், வழக்கு என்று பரீட்சைக்கு உருப்போட்டிருக்கிறேன். மெயிலும் பவுன்ஸ் ஆகும் என்பது தெரியும். ஆனால் எழுதாத செக் எப்படி சார் திரும்பி வரும்?

காபியோடு வந்த என் மனைவி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்த மெயில்களில் 'அனுப்பியவர்' என்ற இடத்தில் என் விலாசத்தின் பின்பாதி அப்படியே இருந்தது. முன்பாதி மட்டும் ஆளுக்கு ஆள் மாறியிருந்தது. ஜான், மார்கரெட், பில்லிங், பேரோல். பத்துக்கு மூன்று ரோஸி.

"யாருங்க அந்த ரோஸி?"

"தெரியாது."

"தெரியாதவ எப்படி நம்ம வீட்டு அட்ரஸ்ல இருந்து லெட்டர் போடறா?"

நியாயமான கேள்வி. பதில் தெரியாத கேள்விகளுக்கு நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். குளிக்கப் போய்விட்டேன்.

குளித்துவிட்டு வந்து பாஸ்வேர்டை மாற்றினேன். அரை மணியில் இன்னும் எண்பது மெயில். மறுபடி மாற்றினேன். இன்னும் நூறு. மூன்றாவது தடவை மாற்றியதில் என்ன வைத்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது. வேறு வழியில்லாமல் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் பையனைக் கூப்பிட்டேன்.

அவன் வந்து, நான் அனுப்பிய மெயில்கள் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தான். எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் என் கணக்கில் நுழைந்தார்கள் என்ற பட்டியலையும் பார்த்தான். திரும்பி வந்த ஒரு மெயிலின் அடியில் இருந்த பழைய தலைப்பு வரிகளைப் பிரித்துப் படித்தான்.

"அங்கிள், உங்க பாஸ்வேர்டை யாரும் தொடலை. இந்த மெயில் எதுவும் உங்ககிட்டேயிருந்து கிளம்பவே இல்லை. எவனோ எங்கேயோ உட்கார்ந்து உங்க பேரை மட்டும் போட்டு அனுப்பியிருக்கான்."

எனக்கு முப்பத்தாறுதான் ஆகிறது. 'அங்கிள்' என்றதை அன்றைக்கு நான் பொருட்படுத்தவில்லை.

"அப்படிப் போட முடியுமா?"

"போஸ்ட் கவர்ல 'அனுப்புநர்'னு யார் பேரை வேணா எழுதலாம்ல? அதேதான்."

அதைக் கேட்டதும் உள் அறையிலிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம் வந்தது. என் மாமனார். தபால் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து, சப் போஸ்ட்மாஸ்டராக ரிடையர் ஆனவர். தபால் என்ற வார்த்தை எந்த அறையில் விழுந்தாலும் அவர் காதில் விழும்.

"மாப்ளே, இதுக்குப் பேரு பேரிங் கடுதாசி."

மாமனார் சொன்ன கதை இது. ஸ்டாம்ப் ஒட்டாத கவரை வாங்கிக் கொள்கிறவர், இரண்டு மடங்கு காசு கட்ட வேண்டும். வாங்க மாட்டேன் என்றாலோ, அப்படி ஓர் ஆளே இல்லை என்றாலோ, கவர் அனுப்புநருக்குத் திரும்பும். அவர் தலையில்தான் அந்தக் காசு விழும். அவர் வேலை பார்த்த ஒரு கிராமத்தில், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மீது யாருக்கோ கோபம். இல்லாத ஊரில் இல்லாத ஆளுக்கு ஸ்டாம்ப் இல்லாமல் வெற்றுக் கவர் போடுவான். அனுப்புநர் இடத்தில் ஹெட்மாஸ்டர் விலாசம். வாரம் ஐந்து கவர் திரும்பி வரும். மனுஷர் அழாத குறை.

"எழுதினவன் யாருன்னே தெரியாது. தபால்காரன் மேலயும் தப்பில்லை, அவன் சட்டப்படிதான் செய்யறான். ஆனா தண்டம் அழறது சம்பந்தமே இல்லாதவன்!"

என்னை வாட்டிய விவகாரத்தை இதைவிட ஒழுங்காக எந்த இன்ஜினீயரும் சொல்லிவிட முடியாது.

மின்னஞ்சல் எப்படிப் போக வேண்டும் என்ற விதிகளை 1982-ல் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கர் எழுதி வெளியிட்டார். அன்றைக்கு அந்த வலைப்பின்னலில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்து ஆட்கள், ஆராய்ச்சிக்காரர்கள், ராணுவத் துறையினர். ஏறக்குறைய எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். 'நான் இன்னார்' என்றால் நம்ப வேண்டியதுதான். ரேஷன் கார்டு கேட்கிற வழக்கம் அதில் இல்லை. அந்த நம்பிக்கையின் மேல்தான் இன்றைய மெயில் மொத்தமும் நிற்கிறது.

ஒரு மெயிலுக்கு இரண்டு 'அனுப்புநர்' உண்டு என்பதையும் அன்றுதான் தெரிந்து கொண்டேன். ஒன்று கவர் மேல் இருப்பது. அதை மெயில் கம்ப்யூட்டர்கள் மட்டும் பார்க்கும். மற்றொன்று உள்ளே கடிதத்தின் தலைப்பில் இருப்பது. நாம் பார்ப்பது இதைத்தான். மெயில் போய்ச் சேராவிட்டால் கவர் மேல் உள்ள விலாசத்துக்குத்தான் திரும்பும். பொய் விலாசம் போடுகிறவன் இரண்டு இடத்திலும் போடலாம்.

'டீமன்' என்ற பெயரைப் பார்த்து என் மாமியார் கொஞ்சம் மிரண்டார். பூதம்தான், ஆனால் நல்ல பூதம். கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓயாமல் உழைக்கும் புரோகிராமுக்கு, 1960-களில் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். பௌதிகத்தில் மாக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தை நினைத்துக் கொண்டு வைத்தார்களாம்.

இந்தப் பூதத்துக்கு ஒரு குணம். அது அனுப்பும் கடிதத்தின் கவரில் அனுப்புநர் இடம் காலியாக இருக்கும். பதில் போட விலாசமே கிடையாது. காரணம் இருக்கிறது. திரும்பிய கடிதம் மறுபடி திரும்பி, அது மறுபடி திரும்பி, இரண்டு கம்ப்யூட்டர்களும் 'நீங்க முதல்ல', 'இல்லை நீங்க' என்று கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி பிரளயம் வரை நின்று கொண்டிருக்குமே! ஆகவே, 'ஐயா, இதை நான் அனுப்பவில்லை' என்று பூதத்துக்குப் பதில் எழுதிப் பிரயோஜனமில்லை. நான் அன்று காலை நாற்பது எழுதினேன்.

இது எனக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. 1997-ல் அமெரிக்காவில் ஜோ டோல் என்பவர் எல்லாருக்கும் இலவசமாக இணையப் பக்கம் கொடுத்துக் கொண்டிருந்தார். குப்பை மெயிலில் விளம்பரம் செய்தான் என்று ஒருவனுடைய கணக்கை மூடினார். அவன் பழி வாங்க, ஜோவின் பெயரில் ஊர் உலகத்துக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பினான். வாங்கியவர்கள் கோபத்தில் ஜோவைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். பாவம், அதிலிருந்து இந்த அக்கிரமத்துக்கே 'ஜோ ஜாப்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

2003 ஆகஸ்டில் சோபிக்.எஃப் என்ற வைரஸ் பரவியபோது கூத்து இன்னும் பெரிது. அது தொற்றிய கம்ப்யூட்டரில் கிடைத்த விலாசங்களில் ஏதோ ஒன்றை அனுப்புநராகப் போட்டுக் கொண்டு கிளம்பும். வைரஸைப் பிடித்த காவல் புரோகிராம்கள், 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது' என்று அந்த அப்பாவிகளுக்கு எச்சரிக்கை அனுப்பின. வைரஸ் ஒரு பக்கம், வைரஸ் வந்துவிட்டது என்ற பொய்த் தகவல் மறு பக்கம்!

சரி, என் கதைக்கு வருகிறேன். இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் மாலைக்குள் மெயில் நாலாயிரத்தைத் தாண்டியது. எரிச்சல் தாங்காமல் ஒரு காரியம் செய்தேன். பூதத்திடமிருந்து எது வந்தாலும் என் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக் கூடைக்குப் போகும்படி மெயிலில் ஒரு விதி போட்டேன். இன்பாக்ஸ் பளிச்சென்று ஆனது. வீட்டில் ரோஸி பேச்சும் நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக் கொண்டேன்.

எழுத்து மட்டும் சோறு போடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதில் ஒன்று, மூன்று தெரு தள்ளி இருக்கும் அண்ணாச்சியின் மளிகைக் கடை. மாதம் 20-ம் தேதிக்குள் அவருடைய ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும். நான் சலானைத் தயார் செய்து மெயிலில் அனுப்புவேன். அண்ணாச்சியின் மகன் அதைப் பார்த்து பாங்கில் பணம் கட்டுவான். அப்புறம் நான் ரிட்டர்ன் போடுவேன். வாட்ஸப்பில் அனுப்பலாமே என்றால் அண்ணாச்சிக்கு அதில் நம்பிக்கை இல்லை. "அதுல குட் மார்னிங்தான் தம்பி வருது" என்பார்.

17-ம் தேதி அனுப்பினேன். மகன் புதிதாக ஒரு மெயில் விலாசம் வைத்திருந்தான். அதை டைப் அடிக்கும்போது ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்.

மெயில் திரும்பி வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே நான் அனுப்பிய மெயில், நிஜமாகவே திரும்பியது. பூதம் தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. நான் போட்ட விதியும் தன் கடமையை ஒழுங்காகச் செய்து, அதைக் குப்பையில் போட்டது.

20-ம் தேதி மாலை அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு இந்தப் பகுதிக்கு மேட்டர் கொடுக்கிற கெடு. மறந்துவிட்டேன்.

23-ம் தேதி அவரே கூப்பிட்டார். "தம்பி, இந்த மாசம் வரி இல்லியா? சலானே வரலியே."

"அனுப்பிட்டேனே அண்ணாச்சி, 17-ம் தேதியே!"

"வரலியே தம்பி."

குப்பைக் கூடையைக் கிளறினேன். ரோஸிகளுக்கும் மார்கரெட்களுக்கும் நடுவே கிடந்தது. நான் அனுப்பியது 4 மணி 12 நிமிஷத்துக்கு. 'போய்ச் சேரவில்லை' என்று தகவல் வந்தது 4 மணி 13 நிமிஷத்துக்கு. ஒரே நிமிஷத்தில் பூதம் எனக்குச் சொல்லிவிட்டது. ஆறு நாளாக நான் கேட்கவில்லை.

தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் வீதம் 150 ரூபாய். வரித் தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் மூன்று நாள் வட்டி. என் கையிலிருந்து தருகிறேன் என்று கடைக்குப் போனேன்.

அண்ணாச்சி பணத்தைத் தொடவில்லை. துவரம்பருப்பு நிறுத்துக் கொண்டே சொன்னார். "ரூவா பெருசில்ல தம்பி. இருவது வருசத்துல ஒரு நாள் நான் வரி தப்பினது கெடையாது. நீங்க அனுப்பியாச்சுன்னு சொன்னியளே, அதான் மனசுல நிக்கி."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது எனக்கும் மனசில் நின்றது. யாரோ என் பெயரைத் திருடி நாலாயிரம் பொய்க் கடிதம் போட்டான். அதனால் என் பெயர் அண்ணாச்சியிடம் கெடவில்லை. பொய்க் கடிதங்களின் மேல் இருந்த கோபத்தில் உண்மைக் கடிதத்தையும் சேர்த்துக் கொளுத்தினேனே, அதில்தான் கெட்டது.

அன்று ராத்திரி எதிர் ஃப்ளாட் பையனை உட்கார வைத்து, மாமனார் முன்னிலையில், என்ன செய்யலாம் என்று முறையாகக் கேட்டுக் கொண்டேன். உங்களுக்கும் உதவும்.

முதலில், பதற வேண்டாம். நீங்கள் அனுப்பிய மெயில்கள் உள்ள பெட்டியையும், கணக்கில் யார் நுழைந்தார்கள் என்ற பட்டியலையும் பாருங்கள். தெரியாத ஆசாமி நடமாட்டம் இருந்தால் அது வேறு வியாதி. உடனே பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைப் பூட்டு போடுங்கள். இல்லையென்றால் உங்கள் பெயரை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, திரும்பி வந்த மெயிலில் இருக்கும் லிங்க்கையோ, இணைப்பையோ தொடாதீர்கள். பூதம் மாதிரியே வேஷம் போட்ட மோசடி மெயில்களும் உண்டு. இல்லாத ஆளுக்கு அனுப்புவது போல் அனுப்பி, திரும்பி வருகிற சாக்கில் சரக்கை உங்கள் தலையில் கட்டும் தந்திரமும் உண்டு.

மூன்றாவது, நான் செய்ததைச் செய்யாதீர்கள். பூதத்தின் மெயிலை அழிக்காமல் தனிப் பெட்டியில் சேரும்படி விதி போடுங்கள். ராத்திரி ஒரு தடவை அந்தப் பெட்டியில் நீங்கள் நிஜமாக எழுதியவரின் பெயரைத் தேடிப் பாருங்கள். எழுத்துப் பிழையாகப் போயிருக்கலாம் என்பதால், அன்று எழுதிய விஷயத்தையும் போட்டுத் தேடுங்கள். சில பெரிய மெயில் கம்ப்யூட்டர்களில் வெளியே போகும் ஒவ்வொரு கவரிலும் ரகசியமாக ஓர் அடையாளம் போடுகிற ஏற்பாடு உண்டு. சலவைக்குப் போட்ட துணியில் டோபி மார்க் மாதிரி. திரும்பி வருவதில் மார்க் இருந்தால் நம் துணி. இல்லையென்றால் யாருடையதோ.

நான்காவது, என்னைப் போல விசிட்டிங் கார்டு ஜம்பத்துக்காகச் சொந்தப் பெயரில் விலாசம் வாங்கியவர்களுக்கு. முன்பாதி என்னவாக இருந்தாலும் என் பெட்டியிலேயே விழட்டும் என்று வாங்கும்போது ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தேன். ஆசிரியர் என் பெயரைத் தப்பாக எழுதினாலும் கடிதம் வந்து சேரட்டுமே என்ற பேராசை. ரோஸி, மார்கரெட் எல்லாரும் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். அதை மூடினேன்.

ஐந்தாவதுதான் முக்கியம். பாங்கில் கணக்கு ஆரம்பித்தால் மாதிரிக் கையெழுத்து வாங்குவார்கள் இல்லையா? மெயிலுக்கும் அதே ஏற்பாடு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. நான்தான் செய்து கொள்ளவில்லை. எஸ்.பி.எஃப். என்பது, 'என் பெயரில் மெயில் கொண்டு வர உரிமை உள்ள கம்ப்யூட்டர்கள் இவை மட்டும்தான்' என்று ஊர் அறிய எழுதி வைப்பது. கவர் மேல் உள்ள பெயரை இது காக்கும். டி.கிம். என்பது ஒவ்வொரு கடிதத்திலும் வைக்கும் அரக்கு முத்திரை. டிமார்க் என்பது, 'உள்ளே இருக்கும் பெயர் இந்த இரண்டில் ஒன்றோடாவது ஒத்துப் போகாவிட்டால் வாங்காதே' என்று பாங்க் மானேஜருக்கு எழுதிக் கொடுக்கும் உத்தரவு. முதல் சில வாரம் 'சும்மா பார்த்துச் சொல்' என்று வைத்துவிட்டு, நம் சொந்த மெயில் எதுவும் மாட்டவில்லை என்று தெரிந்த பிறகு கறாராக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் செய்தே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டன.

"எங்க காலத்துல இது இல்லியே" என்றார் மாமனார், கொஞ்சம் பொறாமையாக. "ஆனா மாப்ளே, வாசல்லயே 'இங்க அப்படி ஆள் இல்லை'ன்னு சொல்லிட்டா கவர் கொண்டு வந்தவனோடயே போயிடும். உள்ளே வாங்கி வெச்சுட்டு அப்புறம் அனுப்புநரைத் தேடறதுனாலதானே இந்த வம்பு?"

பையன் அசந்து போனான். மெயில் கம்ப்யூட்டர் நடத்துகிறவர்களுக்கு நிபுணர்கள் வருஷக்கணக்காகச் சொல்லும் புத்திமதி இதுவேதானாம். மறுப்பதை வாசலிலேயே மறு; வாங்கிய பிறகு திருப்பாதே. மாமனார் அன்று கூடுதலாக ஒரு தோசை சாப்பிட்டார்.

வெள்ளம் மெல்ல மெல்ல வடிந்தது. இப்போது தினம் பத்து, பன்னிரண்டு வந்தால் அதிகம்.

போன வாரம் அண்ணாச்சிக்கு அடுத்த மாதச் சலான் அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் பூதத்தின் பெட்டியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தேன். அப்புறம் செருப்பை மாட்டிக் கொண்டு மூன்று தெரு நடந்து கடைக்கே போனேன்.

"வந்துட்டு தம்பி" என்றார் அண்ணாச்சி, நான் கேட்பதற்கு முன்பே. கடலை மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். போன தடவை அவர் அதை நீட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தால், டிமார்க் உத்தரவின்படி தினமும் வரும் அறிக்கை வந்திருந்தது. முந்தின நாள் என் பெயரில் வெளி ஆட்கள் கொண்டு போன 212 மெயில்கள் வாசலிலேயே திருப்பி விரட்டப்பட்டனவாம். பெருமையாக மனைவியிடம் காட்டினேன்.

அவள் கவனமாகப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"ரோஸியையுமா விரட்டிட்டாங்க?"

"ஆமாம்."

"பாவம்ங்க" என்றாள்.